பொன்னியின் செல்வன்: நூலும் படமும் ஈழத்து வாசகரும்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி 'பொன்னியின் செல்வன்' என்னும் பெருங்கதையைத் தம் வார இதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களாக விரியும் அக்கதை, சோழர் வரலாற்றின் ஓர் இருண்ட இடைவெளியில் எழுப்பப்பட்ட மாளிகையாகும். ஆதித்த கரிகாலன் கொலையுண்டதைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அதன் பின் உத்தம சோழன் முடி சூடியதும் தெரிந்ததே. இவற்றிடையே நடந்தது இன்னதென்று துணிதற்கு இயலாமையே கல்கிக்கு வாய்ப்பாயிற்று. வால் நட்சத்திரமும் சோதிடமும் மந்திரவாதியும் ஊமை அரசியும் உலவும் இந்நூலை வரலாற்று நாவல் என்பதினும், வரலாற்று ஆடை புனைந்த அற்புதக் கதை என்பதே பொருந்தும்.

எம்.ஜி.ஆர். 1958இல் இதனைப் படமாக்க முனைந்தார்; முயற்சி கைகூடவில்லை. பின்னரும் சிலர் முயன்று கைவிட்டனர். இறுதியில் மணிரத்தினத்தின் இயக்கத்தில் முதற்பாகம் 2022 செப்டம்பர் 30ஆம் நாளும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28ஆம் நாளும் வெளியாயின. திரையரங்கிற் கண்டோரினும் பின்னர் அமேசான் பிரைம் வாயிலாக வீட்டுத் திரையிற் கண்டோர் பலராதலின், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலும் அதனைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. அப்பேச்சு ஒரு முகமாய் அமையவுமில்லை.

நூலில் தோய்ந்தவர் முதற்கண் எழுப்பும் குறை விடுபட்டவை பற்றியது. மணிமேகலை என்னும் பேதைப் பெண் படத்தில் இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு மறைபொருளும், அதன்வழி நிகழும் முடிமாற்றமும் இல்லை. கற்பனைக்கு விட்டிருந்த முகங்களை நடிகர் முகங்கள் கவர்ந்துகொண்டன என்பது அவர்தம் இரண்டாவது முறையீடு. இம்முறையீடு அத்துணை வலுவுடையதன்று. தொடராக வந்த நாளிலேயே ஓவியர் மணியம் குந்தவையையும் நந்தினியையும் வாரந்தோறும் வரைந்து காட்டினார். அவர் எழுதிய உயர்ந்த கொண்டையைத் தவிர்த்துக் குந்தவையை நினைக்கவியலாத வாசகர் பலர். ஆகவே பறிபோனது தம் கற்பனை என்று வருந்துவோர், பெரும்பாலும் மணியத்தின் கற்பனைக்காகவே வருந்துகின்றனர்.

நூலின் விரிவைத் தொலைக்காட்சித் தொடராக்கியிருந்தால் குறை நீங்கியிருக்கும் என்பாரும் உளர். ஐந்து பாகங்களை ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்துள் அடக்குதல் அரிது என்பது உண்மை. ஆயினும் நீளம் ஒன்றே மருந்தாகாது என்பதற்கு மேனாட்டுச் சான்று அண்மையிலேயே உண்டு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதைத் தொகுதியைத் தழுவிய 'கேம் ஆஃப் திரோன்ஸ்' 2011 முதல் 2019 வரை 73 பகுதிகளாக ஒளிபரப்பாயிற்று. தொடக்கத்தில் போற்றியவர்களே அதன் முடிவைக் கண்டு வெகுண்டனர்.

ஈழத்தில் இக்கருத்துப் போருக்கு மற்றொரு தரப்பும் உண்டு. கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் வளர்த்த திறனாய்வு மரபு யதார்த்தத்தையே நாவலின் உரைகல்லாகக் கொண்டது. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இல் வெளிவந்தது. கல்முனைக்குடி தந்த எம். ஏ. நுஃமான் போன்ற திறனாய்வாளரும் அவ்விலக்கிய இயக்கத்தோடு உறவுடையவரே. அம்மரபிற் பயின்ற வாசகர், நூலே அரசவை மயக்கம். அதனைப் படம் சிதைத்தாலென்ன, சிறப்பித்தாலென்ன என்று ஒதுங்குவர். இஃது எளிய விடை, நியாயமான விடையன்று. கிஸ்ஸாவும் படைப்போரும் இராகமிட்டு வாசிக்க, வீடுகளிற் கூடியிருந்து கேட்ட மரபு இக்கரைக்கு உரியது. சைத்தூன் கிஸ்ஸாவின் வியப்புகளில் ஊறிய செவிக்கு அற்புதக் கதை அந்நியமன்று. அதனை இழிவென்று தள்ளுதல் தன் பாட்டியின் இலக்கியத்தைத் தள்ளுவதாகும்.

இனி, படத்தின் செயலை அதன் இரு முனைகளில் வைத்து நோக்கலாம்.

ஒன்று, கரிகாலன். நூலில் அவன் பெரும்பாலும் பிறர் வாயிலாகவே அறியப்படுகின்றான்; கடம்பூர் மாளிகையில் அவன் சாவு யார் கையால் நிகழ்ந்ததென்று கல்கி தெளிவாக உரைக்கவில்லை. தொடர்கதைக்கு அவ்வையம் உயிர்நாடி. எனினும் ஐயத்தின் பொருட்டு நந்தினியும் கரிகாலனும் நெடும்பொழுது ஒரே நிலையில் நின்று பேசிக்கொண்டிருக்க நேர்கின்றது. படமோ அவ்விருவரின் இளமைக் காதலை முன்னிறுத்தி, ஆதித்தன் சாவைத் தானே வலிந்து தழுவுவதாக முடித்தது. கல்கியின் மர்மம் கெட்டது என்பார் கூற்று மெய்யே. ஆனால் மர்மம் கெட்ட இடத்தில் ஒரு துன்பியல் தலைவன் பிறந்தான். விக்ரமின் நடிப்பும் ரவி வர்மனின் ஒளிப்பதிவும் அக்காட்சிக்குத் துணை நின்றன. மூலநூல் தளர்ந்த இடத்தில் தழுவல் தன் வலிமையைக் காட்டிற்று. இதனைப் பிழையென்று எண்ணுதல் முறையன்று.

மற்றொன்று, ஈழம். வண்டியத்தேவன் பூங்குழலியின் படகேறிக் கடல் கடப்பதும், அருள்மொழிவர்மனைச் சந்திப்பதும் நூலின் இரண்டாம் பாகத்தின் உயிர்ப்பகுதி. கல்கி இத்தீவுக்கு நேரில் வந்து கண்டவர்; தம்புள்ளையையும் அனுராதபுரத்தையும் அன்போடு எழுதுகின்றார். அவர் படைத்த இளவரசன் இடிந்த விகாரங்களைச் செப்பனிடுவிக்கின்றான். படைக்கு வேண்டிய உணவு சோழநாட்டிலிருந்து வரவேண்டும் என்கின்றான். பிக்குகள் நீட்டிய ஈழமுடியை மறுக்கின்றான். மறுப்புக் காட்சி படத்திலும் உண்டு. வென்றவன் இத்துணை இனியனாயின் வெல்லப்பட்டவனுக்கு யாது குறை என்று கேட்கத் தோன்றும்.

வரலாறு வேறு வகையாய்ப் பேசுகின்றது. இராசராசன் ஆன பின் அதே அருள்மொழியின் படை ஈழத்தின் வடபகுதியைக் கைக்கொண்டது. பொலன்னறுவை சனநாதமங்கலம் ஆயிற்று. ஈழத்து ஊர்களின் வருவாய் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு எழுதி வைக்கப்பட்டது. அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில், 1017ஆம் ஆண்டளவில், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். தாதுகர்ப்பங்கள் உடைக்கப்பட்டுச் செல்வம் கவரப்பட்டதென்று சூளவம்சம் புலம்புகின்றது. சூளவம்சம் தோற்றோர் தரப்பின் நூலாதலால் மிகை இருக்கலாம். கல்கியின் நூல் வென்றோர் தரப்பினது. அங்கும் மிகை உண்டென்பதை நூற்பற்றாளர் எண்ணிப் பார்த்தாரல்லர். கரிகாலன் வகையில் நூலைத் துணிந்து திருத்திய இயக்குநர், ஈழத்தின் வகையில் அத்துணிவைக் காட்டவில்லை. ஈழமாகத் திரையில் தோன்றும் நிலப்பரப்பும் தாய்லாந்திற் படமாக்கப்பட்டதே.

சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் அம்பாறைக் கரையிலிருந்து காண்பார்க்கு இது சிறு செய்தியன்று. சோழரைத் தம் முன்னோராகப் போற்றும் வாசகன் புலிக்கொடி எழும் காட்சியில் மெய்ம்மறந்து போகலாம். சூளவம்சத்தைத் தன் நூலாகக் கொண்ட அயலவன் அக்காட்சியிற் கசந்து போகலாம். தமிழைத் தாய்மொழியாகவும், கடல் வாணிபத்தைத் தன் வரலாற்றின் முதற்பக்கமாகவும் கொண்ட முஸ்லிம் வாசகனோ, மொழியால் உள்ளேயும் பெருமிதத்தால் சற்றுப் புறத்தேயும் நிற்கின்றான். நூலைப் படம் பின்பற்றியதா என்று பிறர் வினவுமிடத்து, நூல் எதனைப் பின்பற்றியது என்று வினவுதற்கு அவனுக்கு இடமுண்டு.

அவ்வினா அவனை மிக அணித்தாகத் தொடும் இடமும் கதையில் உள்ளது. சுழற்காற்றுப் பகுதியில் அராபியக் கப்பலோட்டிகள் தோன்றுகின்றனர். முரடராகவும் கொலைக்கு அஞ்சாதவராகவும் தோன்றி, வண்டியத்தேவனைக் கட்டி வைக்கின்றனர். குதிரை கொணர்ந்து விற்றவர், துறைகளில் மணஞ்செய்து குடியேறியவர், இம்மொழியையே தம் மக்களுக்கு ஊட்டியவர் என்னும் மற்றைப் பக்கம் ஐந்து பாகங்களிலும் ஒருவர் வடிவிலேனும் உருப்பெறவில்லை. ஒரு காட்சியும் குறையாது எடுத்திருக்கவேண்டும் என்று இக்கரையிலிருந்து குரல் எழுப்புவோர், அக்கப்பற் காட்சியையும் அதன் ஒவ்வொரு சொல்லோடும் வேண்டுகின்றனரா என்பது அவர்கள் விடை கூறவேண்டிய வினா.