எலிப்பொறிச் சுவர்: மிச்சமும் விலையும்

செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவதுதான் நம் வழக்கம். எலிப்பொறிக் கட்டு என்ற முறையில் அதை விலாப்புறமாக நிறுத்துகிறார்கள். வெளியே 3 அங்குலக் கல், உள்ளே 3 அங்குலக் கல், நடுவில் 3 அங்குலம் காலியிடம். இரு பக்கத்தையும் குறுக்கே ஒரு கல் பிணைக்கிறது. ஆக, 9 அங்குலச் சுவர். இங்கிலாந்தில் முன்பே இருந்த இந்த முறையைக் கேரளத்தில் ஊரறியச் செய்தவர் லாரி பேக்கர் (1917-2007).

செங்கலில் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகிறது. ஒரு வரியே 4 அங்குலத்துக்கு மேல் உயர்வதால் இணைப்புகள் குறைந்து, கலவையும் குறைகிறது. உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு மாடி வீட்டுக்குச் சுமைதாங்கும் சுவராகவும் இது போதும். சூளைக்குப் போகும் மண்ணை நினைத்தால் இந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

ஆனால் கல் கோணலாக இருந்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். மூலை மழுங்கிய நாட்டுச் செங்கலை நிறுத்தி வைத்தால் இணைப்பு தடிக்கும், பூச்சும் தடிக்கும். மிச்சம் பிடித்ததெல்லாம் சிமெண்டுக்கே போய்விடும். ஓரம் நேரான சேம்பர் சூளைக் கல் கிடைக்காத ஊரில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கொத்தனாரின் கையை ஒரு நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலியிடத்தின் மேல் ஒரு மரச்சட்டத்தை வைத்து, இருபுறமும் கலவை பரப்பி, சட்டத்தை எடுத்துவிட்டு அடுத்த கல்லை நிறுத்தினார். மதியத்துக்குமேல் அவசரத்தில் சட்டம் ஓரமாகக் கிடந்தது. கரணைக் கலவை பொத்தென்று உள்ளே விழுந்தது. அப்படி விழுந்து அடைவது உள்சுவருக்கு ஈரம் ஏறும் பாலமாகிறது. குறுக்குக் கல்லும் ஈரத்தைக் கடத்தும் என்பதால், சாரல் அடிக்கும் பக்கத்துக்கு அகலமான தாழ்வாரம் வேண்டும். சதுர அடிக் கூலிக்கு ஓடும் வேலையில் இந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நாள்கூலி கொடுப்பதே சரி.

அடித்தள வரி, ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ், கதவுநிலை ஓரம் எல்லாம் காலியிடமின்றிக் கட்ட வேண்டும். கீசர், கனமான அலமாரி மாட்டும் இடங்களையும் அப்போதே குறித்துவிட வேண்டும். மின் குழாயைச் சுவர் எழும்போதே காலியிடத்துக்குள் இறக்கிவிடலாம். இது இந்தக் கட்டின் பெரிய வசதி. கட்டி முடித்த பிறகு எலக்ட்ரீஷியன் உளியோடு வந்தால், அவர் கொத்துவது வெறும் 3 அங்குலக் கல்லைத்தான்.