வீடு மாறினால் ஆள் காணோமா?

கடைசியாக நீங்கள் வீடு மாறியது எப்போது? லாரிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எந்த பீரோவின் கால் உடைந்தது என்பதெல்லாம் நினைவிருக்கும். புது விலாசத்தை யார் யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டால் தலையைச் சொறிவீர்கள். பால்காரருக்குச் சொன்னோம், சொந்தக்காரர்களுக்கு போன் போட்டோம், அவ்வளவுதானே? நமக்கு அது போதும். சர்க்காருக்குப் போதாது.

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. முந்திரித் தோப்பும் பலா மரமும் உள்ள பக்கம். அங்கே வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம், பிள்ளையின் படிப்புக்காக சிதம்பரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு மாநிலம் இல்லை, வேறு மாவட்டம்கூட இல்லை. இரண்டும் கடலூர் கலெக்டரின் எல்லைதான். ஆனால் அந்தக் குடும்பத் தலைவர் ஆதாரை மாற்ற வேண்டும். ரேஷன் கார்டை மாற்ற வேண்டும். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டரை ஒப்படைத்து வவுச்சர் வாங்கி, புது ஊர் ஏஜென்சியில் மறுபடி பதிய வேண்டும். வங்கி, எல்.ஐ.சி., பான் கார்டு, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம்... வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் விலாசம் மாறினால் முப்பது நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் சொல்லவேண்டிய சேதி ஒன்றே ஒன்றுதான்: 'நான் அங்கே இல்லை, இங்கே இருக்கிறேன்.' இந்த ஒற்றை வரியை அதே சர்க்காரின் பத்து ஜன்னல்களில் பத்துத் தடவை, ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸோடு சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இந்த வேலையில் பாதியை தபால்காரர் செய்தார். 'அவங்க பொண்ணு வீட்டோட நெய்வேலிக்குப் போயிட்டாங்க' என்று அவருக்குத் தெரியும். பழைய விலாசத்தை அடித்துவிட்டு புதியதை எழுதி அனுப்பிவிடுவார். மாவட்டத்தின் பெயரே மாறியபோதும் தபால் நிற்கவில்லை. 1993-ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தது. இந்தப் பக்கம் தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம் ஆனது, பிறகு கடலூர் மாவட்டம் ஆனது. இருந்த இடத்தைவிட்டு அசையாமலேயே இங்குள்ளவர்களுக்கு விலாசம் மாறியது. பழைய பெயரை எழுதிய கடிதமும் வந்து சேர்ந்தது. 1972-ல் வந்த பின்கோடு அதற்குத் துணை செய்தது. ஆனால் ஊரும் ஆளும் தெரிந்த ஒரு மனிதர் சைக்கிளில் வந்ததும் காரணம். கம்ப்யூட்டருக்கு அப்படி யாரையும் தெரியாது. அதன் கணக்கில் நீங்கள் ஒரு வரிசை எண், அவ்வளவுதான்.

சொந்த வீட்டுக்குப் போகிறவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். வரி ரசீது இருக்கும், கரண்ட் பில் அவர் பெயரில் இருக்கும். வாடகைக்குப் போகிறவர் பாடுதான் திண்டாட்டம். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். சரி, வாடகை ஒப்பந்தம் கொடுங்கள் என்றால், 'அதெல்லாம் எதுக்குங்க, வாய் வார்த்தை போதாதா?' என்பார். காகிதம் கொடுத்தால் வருமான வரிக்காரன் வருவான், நாளைக்குக் காலி பண்ண மாட்டார்கள் என்று அவருக்குப் பயம். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. உங்கள் தெருவில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இப்படிக் காகிதம் இல்லாதவர்களுக்காகவே ஆதாரில் முன்பு ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் அந்த விலாசத்துக்கு ரகசிய எண்ணோடு ஒரு கடிதம் வரும். அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். 2021-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2023-ல் குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து மற்றவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல ஏற்பாடுதான். அந்தக் குடும்பத் தலைவர் எதை வைத்து மாற்றுவார்?

'மாற்றாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?' என்கிறீர்களா? பி.காம். படித்த எனக்கு இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கும்.

ஐ-வென் இன்டராக்டிவ் என்றொரு கம்பெனி. வருமான வரித்துறை அதற்கு ஒரு நோட்டீஸ் அனுப்பியது. போனது பான் பதிவில் இருந்த பழைய விலாசத்துக்கு. 'நாங்கள் இடம் மாறி ரொம்ப நாளாச்சு, பின்னால் தாக்கல் செய்த வரிக் கணக்கில் புது விலாசம் இருக்கிறதே' என்றது கம்பெனி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: வரிக் கணக்கில் புது விலாசத்தை எழுதினால் மட்டும் போதாது, பான் பதிவில் மாற்றச் சொல்லி முறையாகக் கேட்டிருக்க வேண்டும், பழைய விலாசத்துக்கு அனுப்பியது செல்லும். யோசித்துப் பாருங்கள். வரிக் கணக்கை வாங்கியதும் அதே துறை. நோட்டீஸ் அனுப்பியதும் அதே துறை. அதன் வலது கைக்குக் கொடுத்த விலாசத்தை இடது கைக்கும் தனியாகக் கொடுத்திருக்க வேண்டுமாம். கம்பெனிக்கு ஆடிட்டர் உண்டு, வக்கீல் உண்டு. அதற்கே இந்த கதி.

செக் திரும்பிய வழக்குகளிலும் இதே சங்கதிதான். சரியான விலாசம் எழுதி பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினால், அது போய்ச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'எனக்கு வரவே இல்லை' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நோட்டீஸ் கிடைக்கவில்லை என்பவர், கோர்ட் சம்மன் வந்த பதினைந்து நாளுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்கலாம் என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சின்னக் கதவைத் திறந்துவைத்தது. அந்த மட்டுக்கும் புண்ணியம்.

இதெல்லாம் பணக் கணக்கு. ஓட்டுக் கணக்குக்கு வாருங்கள்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த பெயர்கள் 5 கோடியே 43 லட்சமாகிவிட்டன. நீங்கிய 97 லட்சத்துச் சொச்சத்தில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரண்டு இடத்தில் பெயர் இருந்தவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. மிச்சம் 66 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் யார்? இடம் மாறியவர்கள், சொன்ன விலாசத்தில் இல்லாதவர்கள். அதாவது நீக்கப்பட்ட மூவரில் இருவர் செய்த ஒரே காரியம், கதவைத் தட்டியபோது அந்த வீட்டில் இல்லாமல் போனது.

தேர்தல் கமிஷன் பக்கமும் நியாயம் இருக்கிறது. செத்தவர் பெயர் இருக்கக்கூடாது. ஒருவருக்கு இரண்டு ஓட்டு கூடாது. காலி செய்துவிட்டுப் போனவர் பெயர் பழைய ஊரில் கிடந்தால் அதை யாராவது பயன்படுத்துவார்கள். எல்லாம் சரி. ஆனால் கணக்குப்பிள்ளைக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடம் இரட்டைப் பதிவு. ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுதியாக வேண்டும். காடாம்புலியூரில் ஒரு பெயரை அடித்தால், அந்த ஆள் சிதம்பரத்தில் எழுதப்பட்டாரா என்று பார்க்க வேண்டியது யார் வேலை? இங்கே பற்றை சர்க்கார் எழுதுகிறது, வரவை நீங்கள் போய் எழுதிக்கொள்ள வேண்டும். அதுவும் எந்தப் படிவத்தில்? இடமாற்றத்துக்கென்று படிவம் 8 இருக்கிறது. ஆனால் பட்டியலிலிருந்தே போனவர்களை படிவம் 6-ஐ உறுதிமொழியோடு கொடுக்கச் சொன்னார்கள். அது புது வாக்காளருக்கான படிவம். பத்துத் தேர்தலில் விரலில் மை வைத்துக்கொண்ட பாட்டியும் பதினெட்டு வயதுப் பேத்தியும் ஒரே படிவத்தில்!

ஒரே இடத்தில் சொன்னால் எல்லா இடத்துக்கும் போகிற மாதிரி செய்ய முடியாதா? முடியும் என்று டெல்லியே சொல்லியிருக்கிறது. 2023 பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் நிர்மலா சீதாராமன், பல அரசுத் துறைகளிடமும் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமும் இருக்கும் நம் விலாசத்தை ஒரே இடத்தில் சரிசெய்ய, டிஜிலாக்கரையும் ஆதாரையும் வைத்து ஓர் ஏற்பாடு வரும் என்றார். கைதட்டினோம். இன்றைக்கும் ஆதாரில் விலாசத்தை மாற்றினால் பானில் தானாக மாறுவதில்லை. நாமே போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. ஆதாரில் விலாசம் மாற்றும் கட்டணம் மட்டும் 2025 அக்டோபரில் ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து ரூபாய் ஆனது.

நெதர்லாந்தில் வீடு மாறினால் ஐந்து நாளுக்குள் நகராட்சியில் சொன்னால் போதும். வரித்துறை முதலானவை அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம்மூர் சார்பதிவாளர் அலுவலகத்தைப் பாருங்கள். உட்பிரிவு செய்யத் தேவையில்லாத ஒரு முழு மனையை வாங்கிப் பத்திரம் பதிந்தால், பட்டா மாறுதல் தானாக நடக்க தமிழ்நாட்டிலேயே வழி செய்திருக்கிறார்கள். பதிவுத்துறை கம்ப்யூட்டரிலிருந்து வருவாய்த்துறை கம்ப்யூட்டருக்குச் சேதி போகிறது. நிலம் கைமாறினால் சேதி போகிறது, மனுஷன் இடம் மாறினால் போகவில்லை என்றால் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்தால் ஒரு முடிச்சில் தப்பு விழுந்து எல்லாமே அறுந்துபோகாதா என்ற பயம் எனக்கும் உண்டு. கேஸ் ஏஜென்சிக்காரருக்கு என் பான் எண் எதற்கு? அதனால் போகிற சேதி விலாசம் மட்டும் என்று இருக்கட்டும். யாருக்குப் போகலாம் என்று நாம் டிக் அடிக்கிற மாதிரி இருக்கட்டும். பழைய இடத்தில் பெயரை எடுக்கும் முன்னால் செல்போனுக்கு ஒரு கேள்வி வரட்டும்: 'எங்கே போயிருக்கிறீர்கள்?' அந்த 66 லட்சம் பேரில் பலரிடம் போன் இருந்திருக்கும்.

அதுவரை, இந்த மாதம் வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வீட்டுக்காரரிடம் ஒப்பந்தத்தை வாங்கிவிடுங்கள், அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கே. கொடுத்த பிறகு கேட்டால் கிடைக்காது. அடுத்து ஆதார், அதற்கடுத்து பான். பான் விலாசத்தை மாற்றக் கோரியதற்கு வரும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படிவம் 8-ஐ புது ஊரிலேயே கொடுங்கள். பழைய ஊர் தபால் ஆபீசில், என் கடிதங்களை இந்த விலாசத்துக்குத் திருப்புங்கள் என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த வசதி இன்னும் இருக்கிறது. அங்கே யாரும் உங்களிடம் கரண்ட் பில் கேட்டால் எனக்கு எழுதுங்கள்.