மாடி வீட்டு வேதாந்தம்

சென்ற திங்கள் மொரப்பூரில் ஒரு வேதாந்தச் சொற்பொழிவு. தலைப்பு ‘விதியா, மதியா?’ பேச வந்தவர் படித்தவர், பண்பாகப் பேசினார், எவரையும் ஏசவில்லை. இரயில் கடந்து செல்லும் போதெல்லாம் பொறுமையாக நிறுத்தி, இரைச்சல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஒன்றரை மணி நேரம் உபநிடதத்தையும் உவமைகளையும் அள்ளி வழங்கினார். கேட்டிருந்தோர் உழவர், கடைக்காரர், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர், நம்மைப் போன்ற ஆசிரியர் சிலர். பகுத்தறிவாளருக்கு அங்கென்ன வேலை என்று தோழர்கள் கேட்கக் கூடும். மறுக்க விரும்புவோன் முதலில் கேட்க வேண்டாமா?

பேச்சு முடிந்ததும் கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர் எழுந்தார். நம் வகுப்பில் பத்தாவது படிக்கும் மாணவன் ஒருவனின் தந்தை. கழுத்தைத் திருப்ப இயலாதவர். பக்கத்திலிருப்பவரைப் பார்க்க வேண்டுமானாலும் உடல் முழுவதையும் திருப்புவார். “சாமி, எம் பையன் நல்லாப் படிக்கிறான். மேல படிக்க வைக்கிறதா, பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்பறதா? எது நடந்தாலும் விதிப்படிதான்னா நான் எதுக்கு யோசிக்கணும்?” என்றார்.

தத்துவப் பட்டம் பெற்றோரும் இத்தனைக் கூர்மையாகக் கேட்டதில்லை. மேடை தந்த விடை இது: “கேட்பது யார் என்று பாருங்கள். அந்த ‘நான்’ எங்கே என்று தேடினால் விதியும் இராது, மதியும் இராது, கேள்வியும் இராது.” கைதட்டல் எழுந்தது. அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கேள்வி மறைந்தது, பையன் மறையவில்லையே!

அந்த விடை மேடையிலிருந்தவரின் சொந்தச் சரக்கன்று. அரூர், செங்கம் வழியே சென்றால் நமக்கு அண்டை ஊரான திருவண்ணாமலையில் வாழ்ந்து 1950 ஏப்ரல் 14இல் மறைந்த இரமண மகரிஷியிடம் பெற்ற இரவல். விதி பற்றி அவர் முதன்முதலில் எழுதியது யாருக்கு? பெற்ற தாய்க்கு! அந்த வரலாற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1879இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையில் பள்ளி மாணவன். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கென இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டு இரயிலேறினார். வழியில் காசு தீர்ந்தது. கால்நடையாக நடந்தார். கீழூரில் காதணியை அடகு வைத்து 4 ரூபாய் பெற்றார். செப்டம்பர் 1ஆம் நாள் அண்ணாமலை சேர்ந்தார். எத்துணை உறுதி, எத்துணை முயற்சி! பதினாறு வயதுச் சிறுவனின் விடாப்பிடி அல்லவா அது?

1898 டிசம்பரில் தாய் அழகம்மாள் தேடி வந்தார். பவளக்குன்றில் மகனைக் கண்டார்; நாள்தோறும் அழுதார்; வீட்டுக்கு வா என்று மன்றாடினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிருந்தோர் வற்புறுத்தவே ஒரு தாளில் எழுதித் தந்தார். முன்வினைப்படியே யாவும் இயக்கப்படுகின்றன. முயற்சியாலோ தடையாலோ அதை மாற்ற முடியாது. எனவே பேசாதிருப்பதே நலம் என்பது அதன் சாரம். தாய் திரும்பினார்.

துறவு பூண்ட மகன் துயருற்ற தாய்க்கு எழுதிய ஆறுதலை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1916இல் அதே தாய் மீண்டும் வந்தார்; மகனோடேயே தங்கினார்; 1922இல் அவர் மறையும் வரை மகன் அருகிலிருந்தார். அவர் சமாதி மீது எழுந்த மாத்ருபூதேசுவரர் கோயிலுக்கு 1949இல் குடமுழுக்கும் நடந்தது. தாயின் விடாமுயற்சி வென்றது என்போம் நாம். இல்லை, அதுவும் விதி என்பார் வேதாந்தியார். மகன் ஓடினால் விதி, தாய் வந்தால் விதி, திரும்பினால் விதி, தங்கினாலும் விதி! எந்தக் குதிரை முந்தினாலும் பரிசு ஒருவருக்கே என்றால், அது பந்தயமா?

கல்லூரியில் அறிவியல் பயிலும் தோழர் ஒருவர் இங்கே குறுக்கிடுவார். “அறிவியலும் அதைத்தானே சொல்கிறது? 1983இல் பெஞ்சமின் லிபெட் நடத்திய ஆய்வில், விரலை அசைக்க வேண்டுமென்ற எண்ணம் தோன்றுவதற்கு முன்பே மூளையில் மின்னசைவு தெரிந்ததாமே!” ஆம், தெரிந்தது. அதன் பொருள் என்ன என்பது குறித்து அறிஞர்கள் இன்றளவும் வாதிடுகின்றனர். அது எப்படி முடிந்தாலும், காரணம் வேறு, விதி வேறு என்பதை மறத்தல் ஆகாது. காரணத்தை மாற்றினால் காரியம் மாறும் என்பது அறிவியல். எதை மாற்றினாலும் காரியம் வந்தே தீரும் என்பது விதி. முன்னது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்; பின்னது பாடைக்கு மூங்கில் வெட்டச் சொல்லும். இரண்டும் ஒன்றெனச் சொல்வது சொற்சிலம்பம்.

சரி, அத்வைதத்தின் மூலவருக்கே செல்வோம். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரர் எளிய ஆளல்லர். நாம் கேட்க நினைக்கும் கேள்வியை அவரே எடுத்துவைக்கிறார்: ஒருவன் இன்பத்தில் புரள, ஒருவன் துன்பத்தில் உழல, இப்படிப் படைத்த கடவுள் ஓரவஞ்சனை உடையவரல்லவா, இரக்கமற்றவரல்லவா? இரண்டாம் அத்தியாயத்தின் முதற் பாதத்தில் அவர் தரும் விடை ஓர் உவமை. மழை பொதுவாகப் பொழிகிறது. நெல் நெல்லாகவும் வாற்கோதுமை வாற்கோதுமையாகவும் முளைப்பதற்கு விதையே காரணம். கடவுள் மழை, வினை விதை. குற்றம் மழையிலில்லை, விதையில்!

அழகிய உவமை. ஆனால் முதல் விதை எங்கிருந்து வந்தது? படைப்புக்கு முன் எவனும் எதுவும் செய்திருக்க முடியாதே? இதையும் அவரே கேட்டுக்கொண்டு, அடுத்த சூத்திரத்தில் விடையளிக்கிறார்: சம்சாரத்துக்குத் தொடக்கமில்லை. அதாவது, பேரேட்டுக்கு முதற்பக்கம் இல்லை! நம் பக்கத்தில் வட்டிக்கு வாங்கி அறியாதவர் யார்? “அசல் எப்போது வாங்கினேன், எவ்வளவு வாங்கினேன்?” என்று கேட்டவனிடம், “அசல் என்று ஒன்று இல்லை, உன் கடன் அநாதியானது, மாதந்தோறும் வட்டியைக் கட்டு” என்று எந்த மார்வாடியும் சொல்லத் துணியமாட்டான். சொன்னால் ஊர் சும்மா இராது. தத்துவம் சொன்னால் மட்டும் தலை வணங்குகிறது ஊர்.

செய்பவன் மனிதன்தானா என்ற கேள்விக்குச் சங்கரர் தரும் விடை இன்னும் விந்தை. ஆம், ஜீவன் செய்பவனே. இல்லையேல் ‘இதைச் செய், இதைச் செய்யாதே’ என்னும் சாஸ்திரம் வீணாகும் என்கிறார் ஓரிடத்தில். உளியும் கொட்டாப்புளியும் ஏந்தும்போது தச்சன் தொழிலாளி, கீழே வைத்தால் ஓய்ந்தவன். அதுபோலச் செயல் என்பது வந்தேறிய குணம், இயல்பன்று என்கிறார் அடுத்து. செய்ய வைப்பவர் ஈசுவரனே என்கிறார் பிறகு. அவரும் ஜீவனின் முயற்சியை நோக்கியே செய்விக்கிறார் என்று சமாதானமும் கூறுகிறார். கடைசியில், மெய்யுணர்ந்த நிலையில் செய்பவனும் இல்லை, செய்கையும் இல்லை.

இது இரண்டடுக்கு வீடு. கீழ்வீட்டுக்கு வியவகாரம் என்று பெயர்: அங்கே வினை உண்டு, விதி உண்டு, வருணம் உண்டு, கட்டளை உண்டு. மாடிக்குப் பரமார்த்தம் என்று பெயர்: அங்கே எல்லாம் ஒன்று. கீழ்வீட்டில் நின்று “ஏன் இந்த அநீதி?” என்று கேட்டால், “மாடிக்கு வா, அநீதியே இல்லை” என்கிறார்கள். சரியென்று படியேறப் போனால்? கதவில் பூட்டு! முதல் அத்தியாயத்தின் அபசூத்ராதிகரணத்தைப் புரட்டுங்கள் தோழர்களே. சூத்திரனுக்கு வேதக் கல்வியில் உரிமையில்லை என நிலைநாட்டுகிறார் சங்கரர். வேதம் கேட்ட காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுமாறு கூறும் ஸ்மிருதியைச் சான்றாகவும் காட்டுகிறார். விதுரரும் தருமவியாதரும் ஞானம் பெற்றார்களே என்றால், அது முற்பிறப்பின் பயனாம். இதிகாச புராணம் கேட்டுத் தெளியலாம் என்று ஒரு சாளரத்தைத் திறந்து வைத்தார். அதை மறைக்க மாட்டோம். ஆனால் உலகமே மாயை என்றவருக்கு, உருக்கிய ஈயம் மட்டும் எப்படி மெய்யாயிற்று?

நம் வீட்டிலும் இந்த நோய் உண்டு, ஒளிப்பதற்கில்லை. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தந்தார். தமிழன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான், பெரும்பாலும் சோம்பலுக்கு வேண்டியதை. சிலம்பு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. அது அத்வைத நூலன்று. எனினும் வினைக்கொள்கை என்ன செய்யும் என்பதை அதைப்போல் விளக்கமாகக் காட்டும் நூல் வேறில்லை. கோவலனைக் கொன்றது எது? பொற்கொல்லனின் பொய், பாண்டியனின் அவசரம். கண்ணகி அதை அறிந்தாள். விதியென்று வீட்டுக்குள் அழுதிருக்கவில்லை. சிலம்போடு அரசவை ஏறினாள். குற்றவாளியைப் பெயர் சொல்லிச் சுட்டினாள். தமிழிலக்கியத்தில் மதி விதியை வென்ற மாபெரும் காட்சி அது. பிறகு என்ன நடக்கிறது? மதுரையின் காவல் தெய்வம் வந்து ஒரு முற்பிறப்புக் கதை சொல்கிறது: கோவலன் முன்பு பரதன் என்பவனாயிருந்து, சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்தானாம், அதன் பலன் இதுவாம். ஒரு நொடியில் கணக்கு மாறிவிட்டது! பொற்கொல்லன் தப்பினான், மன்னன் தப்பினான், கொலையுண்டவனே கொலைகாரனானான்.

நம் குறை இதுவே. வினைக்கணக்கில் ஒரே ஒருவனுக்குத்தான் பக்கம் உண்டு. பிறன் செய்த தீங்கும் பட்டவன் பெயரிலேயே பற்று எழுதப்படும்.

விதியை மறுக்கும் குரல் அத்வைத மரபுக்குள்ளேயே உண்டு என்பதை மேடையிலிருந்தவர் ஏனோ சொல்லவில்லை. யோகவாசிட்டம், தமிழில் வீரை ஆளவந்தார் பாடிய ஞானவாசிட்டம், அத்வைதிகள் போற்றும் நூலே. அதில் வசிட்டர், தெய்வச்செயல் என்பது மூடர் கற்பனை என்று இராமனுக்குப் போதிக்கிறார். முன்னை முயற்சியும் இன்றைய முயற்சியும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் போல் மோதுகின்றன. வலியது வெல்லும் என்கிறார். கேட்கவே உள்ளம் துள்ளுகிறது. ஆனால் இங்கும் மோதுகிற இரு கடாக்களும் ஒரே ஆளின் கடாக்கள். தோற்றால் அவன் முயற்சி போதவில்லை. மந்தையை ஓட்டிச் சென்றவன் யார் என்று வசிட்டரும் கேட்கவில்லை.

மழையும் விதையும் என்றாரே சங்கரர், அந்த உவமையை நம் மாவட்டத்துக்குக் கொண்டு வருவோம். இங்கே பல ஊர்களில் பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறியிருக்கும். நடுவயதிலேயே முதுகு வளைந்து, மூட்டு இறுகி, கழுத்து திரும்பாமற் போனவர் உண்டு. தலையெழுத்து என்றனர், முன்வினை என்றனர். பாறைக்கடியிலிருந்து வரும் கிணற்று நீரில் கலந்த புளோரைடு என்றது அறிவியல். ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தீங்கு என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு, 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது. மழை ஒன்று, விதை ஒன்று, கிணறுதான் வேறு! நீரை மாற்றினால் புதிதாய்ப் பிறக்கும் பிள்ளையின் பல் வெளுக்கும். முற்பிறப்பு என்ன, குழாயைக் கண்டு ஓடிவிட்டதா?

நம் மொரப்பூருக்கும் இத்தகைய பழங்கதை ஒன்று உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சப் பகுதிகளுக்கு இருப்புப்பாதை வேண்டும் என்று 1880இல் பஞ்சக் குழு கூறிற்று. அத்தகைய பஞ்சத் தடுப்புப் பாதைகளில் ஒன்று, 1906இல் திறக்கப்பட்ட மொரப்பூர்–தருமபுரி குறும்பாதை. ஆங்கிலேயன் அருளாளன் என்று சொல்லவில்லை. பஞ்சம் நிலவியபோதே தானியத்தைக் கப்பலேற்றியவன் அவன். பட்டினிக்குக் காரணம் பட்டினி கிடப்பவனின் பழவினை என்று எழுதி வைத்திருந்தால் ஒரு தண்டவாளமும் வந்திராது என்கிறோம், அவ்வளவே.

சொற்பொழிவுக்கு இரண்டு நாள் கழித்து அந்த மாணவனின் வீட்டுக்குச் சென்றோம். தந்தை கட்டிலிலிருந்து எழ முயன்றார், வேண்டாமென்று தடுத்தோம். “வாங்க சார். அந்தச் சாமி சொன்னது எனக்குப் புரியலைங்க. ஆனா நல்லாத்தான் சொன்னாரு” என்றார். பையனை வேலைக்கு அனுப்புவது என்று ஏன் நினைத்தீர்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டோம். சற்று நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவிதான் விடை சொன்னார்: “மேஸ்திரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்குதுங்க சார். இருபதாயிரம். இவரால வேலைக்குப் போக முடியலை. பையனை அனுப்புன்னு கேக்கறாங்க.”

மேடையில் விதி என்று நின்றதற்கு வீட்டில் ஒரு தொகை இருந்தது. கைபேசி எண்ணும் இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டோம். தேர்வு முடிய இன்னும் மூன்று வாரம். நாமும் உடன் பணிபுரியும் இருவரும் வரும் ஞாயிறன்று அந்த மேஸ்திரியைப் பார்க்கச் செல்கிறோம்.