பிள்ளையிடம் மெய் பேசுதல்: நமீபியப் படக்கதை நூல் ஒன்றைக் குறித்து

தாயிடமிருந்து எச்.ஐ.வி. கிருமியைப் பெற்ற பிள்ளைகளுள் பலர் முன்னாளில் பள்ளிப் பருவத்தைக் காணாமலே மறைந்தனர். கூட்டு மருந்துகள் கிடைக்கத் தொடங்கியபின் அவர்கள் வளர்கின்றனர். வளரும் பிள்ளை, “நான் மட்டும் ஏன் நாள்தோறும் மருந்து உண்ண வேண்டும்?” என்று வினவுகிறது. இவ்வினாவிற்கு விடைகூறக் குடும்பத்தார்க்குத் துணைசெய்ய, நமீபிய நாட்டு மருத்துவமனைகளில் ஒரு படக்கதை நூல் பயன்படுத்தப்பட்டது. ‘நான் ஏன் என் மருந்தை உண்கிறேன்’ என்பது அதன் தலைப்பின் பொருள். லுத்தரன் சபையார் மிகுந்த நாடு நமீபியா. ஆகவே அந்நூல் எழுப்பும் கேள்விகள் நம் குருமாருக்கும் உரியவையே.

நூலின் தலையாய சிறப்பு அதன் பொறுமை. நோயை எதிர்க்கும் அணுக்களை உடலின் போர்வீரர் என்றும், கிருமியை உடலிலுள்ள தீயவன் என்றும் கதை அழைக்கிறது. வீரர் வலிமையோடிருக்க மருந்து வேண்டும் என்பதைப் பிள்ளை படிப்படியாக அறிகிறது. நோயின் பெயர் இறுதியிலேயே சொல்லப்படுகிறது. நலப்பணியாளர் குடும்பத்தாரோடு அமர்ந்து, பிள்ளையின் ஆயத்தத்தை அறிந்தே அடுத்த பகுதிக்குச் செல்கின்றனர். பள்ளிப் பருவத்தினர்க்கு அவர்கள் நிலையைச் சொல்லவேண்டும், அதற்கும் இளையோர்க்குச் சிறிது சிறிதாகச் சொல்லி ஆயத்தப்படுத்தவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட நெறிமுறையோடு இது இசைகிறது. இம்முறையால் பிள்ளைகளின் அறிவும் உடல்நிலையும் மேம்பட்டதாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

“பாலகனுக்கு இதெல்லாம் எதற்கு?” என்பார் உண்டு. நம் ஊழியத்தில் நாம் அறிந்த ஒரு தாய், மாத்திரைகள் இருதய பலவீனத்திற்கென்று தன் மகனிடம் சொல்லி வைத்திருந்தார். அன்பினால் சொன்ன பொய்தான். பையனோ அதை நம்பி, ஆண்டுக்கணக்காய் விளையாட்டுத் திடலின் ஓரத்திலேயே அமர்ந்திருந்தான். பதின்மூன்றாம் வயதில் மருத்துவமனைச் சுவரிலிருந்த விளம்பரத்தைப் படித்துத் தானே உண்மையை அறிந்துகொண்டான். அன்று அவன் நோயைப்பற்றித் தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. “அப்படியானால் நான் ஓடியிருக்கலாமே, அம்மா?” என்று மாத்திரம் கேட்டான். மறைப்பு பிள்ளையைக் காப்பதில்லை என்பதற்கு இதினும் மேலான சான்று நமக்குத் தேவையில்லை.

எனினும் நூலின் உருவகத்தைக் குறித்து நமக்கு ஒரு தயக்கம் உண்டு. தீயவன் என் உடலில் குடியிருக்கிறான் என்று கேட்கும் பிள்ளை, நானே தீயவன் என்று எண்ண வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. திருமறையில் ‘தீயோன்’ என்னும் சொல்லுக்குள்ள பொருளை ஓய்வுநாள் பள்ளியில் கற்ற பிள்ளைக்கு இவ்வாபத்து இன்னும் அதிகம். மருந்து கிருமியை உறங்கச் செய்கிறது என்று ஆலோசகர் பலர் சொல்வதுண்டு. அச்சொல்லையே முன்னிறுத்துவது நலம். உறங்கும் கிருமிக்கு ஒழுக்கமும் இல்லை, குற்றமும் இல்லை.

பிள்ளையின் முதல் வினா ‘எனக்கு என்ன?’ என்பது, இரண்டாவது, ‘யாரால் வந்தது?’ என்பது. முதல் வினாவிற்குப் படக்கதை துணைசெய்யும். இரண்டாவதற்குத் தாயின் வாயிலிருந்தே விடை வரவேண்டும். தாய்மார் அஞ்சுவதும் இதற்கே. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைக் கண்ட சீடர் அது யார் செய்த பாவம் என்று கேட்டனர். நம் ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவன் பெற்றோரையும் குற்றப்படுத்தவில்லை. ஆனால் நம் பிரசங்க பீடங்களோ இந்நோயைப் பாவத்தின் சம்பளமாகவே பல்லாண்டு பேசின. அப்பேச்சைக் கேட்டு வளர்ந்த தாய் தன் பிள்ளையிடம் எவ்வாறு வாய் திறப்பார்? அவர் மௌனத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை நாம் அறிக்கையிட வேண்டும்.

ஆகவே குருமாரின் பணி பிள்ளையிடம் தொடங்குவதன்று, தாயிடம் தொடங்குகிறது. அவர் சொல்லை இடைமறியாமல் கேட்போமாக. பிள்ளைக்கு அறிவிக்கும் பொறுப்பைக் குடும்பத்தாரிடமிருந்து நாம் பறித்துக்கொள்ளலாகாது. அவர்கள் விரும்பினால் உடனிருக்கலாம். கேட்டதைச் சபை மன்றாட்டிலும் வெளியிடலாகாது. நம்பி ஒப்படைத்த இத்தகைய செய்தியை உரியவர் இசைவின்றி வெளிப்படுத்துவதை இந்திய அரசின் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. சட்டம் வருமுன்னரே நம் அருட்பொழிவு வாக்கு அதை நம்மிடம் கேட்டது.

குறைகள் இருப்பினும் இந்நூல் வரவேற்கத்தக்கதே. தமிழில் இதுபோன்ற ஒன்றை ஆக்க முனைவோர், தாய் தன் பகுதியைச் சொல்வதற்கென ஓர் ஏட்டை எழுதாமல் விட்டுவைப்பாராக. அந்த ஏட்டை அவர் அச்சமின்றி நிரப்பத்தக்க சபையாக நாம் இருத்தலே நம் பங்கு.