ஊர்காண் காதை: கண்டது யார்?

பயணக் கட்டுரை என்று நம்மிடையே வழங்கி வரும் எழுத்தை யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஏ. கே. செட்டியாரையும், ‘நடந்தாய் வாழி காவேரி’ (1971) எழுதிய சிட்டி, தி. ஜானகிராமன் இருவரையும் விட்டுவிட்டால், எடுத்துக்கொள்ளும்படி அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம். மிச்சமெல்லாம் ஆண்டுகள், அளவுகள், ‘கண்கொள்ளாக் காட்சி’. அப்படி ஒன்றை நானும் எழுதி அச்சில் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. தகவல்களெல்லாம் சரிதான். பொய், ‘நாங்கள்’ என்ற சொல்லில்.

2019 டிசம்பர் கடைசியில், மார்கழிப் பனியில், நானும் என் மனைவியும் போடியிலிருந்து மதுரைக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்கும் கல்யாணங்களுக்கும் போவது உண்டு. ஊர் பார்க்கவென்றே போனது அதுதான் முதல் தடவை. அப்போது ரயில் இல்லை. மீட்டர்கேஜ் 2010 முடிவோடு நின்றுபோய், போடிக்கு மறுபடி ரயில் வந்தது 2023 ஜூனில்தான். தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி கடந்து பஸ் எங்களை அரப்பாளையத்தில் இறக்கியது. போடிக்காரர்கள் மேற்கு வழியே மதுரைக்குள் நுழைகிறவர்கள். இதற்குப் பின்னால் வருகிறேன்.

திருமலை நாயக்கர் மஹாலில், 1636ல் கட்டியது, இன்று நிற்பது அதில் ஒரு பகுதிதான், சொக்கநாத நாயக்கர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார், எஞ்சியதை 1860களின் கடைசியில் நேப்பியர் பிரபு செப்பனிட்டார் என்று அவளுக்கு ஒப்பித்துவிட்டு, தூண்களைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். அவள் பையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். இரவு அங்கேயே ஒலி ஒளிக் காட்சி. 1981ல் தொடங்கியது, நாயக்கர் கதையோடு சிலப்பதிகாரக் கதையும் சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டு நாயக்கரின் தூண்களுக்கிடையில் பாண்டியன் சபை கூடுகிறது. சிவப்பு விளக்குப் போட்டால் மதுரை எரிகிறது. இந்தக் காலக் குழப்பத்தைக் கேலி செய்ய விமர்சகனே தேவையில்லை. நான் செய்தேன், ஒரு பாரா முழுக்க.

காட்சி முடிந்து வெளியே வரும்போது அவள் கேட்டாள்: “ஏங்க, கண்ணகி மதுரையச் சுத்திப் பாத்தாளா?” பார்த்திருப்பாள் என்றேன். ஊர் திரும்பிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான், 1892ல் சாமிநாதையர் பதிப்பித்ததிலிருந்து எத்தனையோ பேர் உரை சொல்லிவிட்ட ஒரு நூலில், இந்த எளிய கேள்வியை நான் ஒருபோதும் கேட்டதில்லை என்பது தெரிந்தது.

அவள் பார்க்கவில்லை.

புகாரின் எல்லை தாண்டிச் சிறிது தூரம் நடந்ததுமே, மதுரை எது என்று கேட்டவள் கண்ணகி. முப்பது காதம் அப்பால் இருந்தது. வெயிலுக்கு அஞ்சி நிலவில் நடந்து, ஒருவழியாக ஊரெல்லைக்கு வந்து சேர்ந்தபின் கோவலன் அவளைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் விட்டுவிட்டுத் தனியே நகருக்குள் போகிறான். இதுதான் ஊர்காண் காதை. கணிகையர் வீதி, மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை என்று அவன் கால் போகிற இடமெல்லாம் கவியும் போகிறார். அவன் நடப்பது கோடையில். ஆனால் மாடத்துக்குள் அகில் புகைய, முற்றத்து இளவெயிலில் காயும் பனிக்காலச் செல்வர் உட்பட ஆறு பருவமும் அந்த ஒரு பகல் நடைக்குள் வந்துவிடுகின்றன. தமிழில் எழுதப்பட்ட மிக நல்ல நகர்ப் பயணக் கட்டுரை இது என்று எனக்குப் படுகிறது. வழிகாட்டிப் புத்தகங்களின் வசீகரம் அத்தனையும், அவற்றின் குருட்டுத்தனமும் இதில் உண்டு. மாதவியை விட்டு வந்தவன் கணிகையர் வீதியில் மெதுவாக நடக்கிறான். நவமணிகளின் குணமும் குற்றமும், பொன்னின் வகைகளும் அந்த வீதிகளில் துல்லியமாக விரிகின்றன. அவற்றினூடே நடந்து திரும்பியவன்தான் பிறகு ஒரு பொற்கொல்லனின் முகத்தைப் படிக்கத் தெரியாமல் சாகிறான். இளங்கோ இதை எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை. பட்டியலைப் போட்டுவிட்டுப் பேசாமலிருக்கிறார்.

கண்ணகி மாலையில் மாதரியோடு கோட்டைக்குள் நுழையும்போது வரிசையாக வருவது கடைவீதிகள் அல்ல; அகழி, காவற்காடு, மதிலின் மேல் எதிரியைக் கொல்லும் பொறிகள். ஒரே நகரம், இரண்டு பட்டியல்கள். பிறகு அடுப்படி. சிலம்பு அவன் கைக்குப் போகிறது. நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இந்தக் கட்டம் புதிதில்லை. கழற்றிக் கொடுத்தவள் வீட்டில் இருப்பாள். எடைபோடும்போது நிற்பவன் அவன்.

அதற்குப் பின் வரும் காதைக்கு ஊர்சூழ் வரி என்று பெயர். ஊர்காண் காதையில் அவன் ஊரைக் கண்டான். இங்கே ஊர் அவளைக் காண்கிறது. ஒற்றைச் சிலம்போடு தெருவில் போகிறவளை மக்கள் சூழ்ந்து பார்த்து அழுகிறார்கள். அவர்கள் அவளுக்குக் காட்டியது ஒன்றுதான்: வெட்டுண்டு கிடந்த கணவனை. மதுரையில் கண்ணகி கண்ட காட்சி அது. எரித்தபின் கிழக்கு வாயிலில் கணவனோடு புகுந்ததைச் சொல்லி மேற்கு வாயிலில் தனியாக வெளியேறுகிறாள். வையைக் கரையோடு மேற்கே, மலையை நோக்கி நடை. அரப்பாளையத்திலிருந்து எங்கள் பஸ் திரும்புகிற திசை. பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் அவளைக் கண்டு சொன்னவர்கள் குன்றக் குறவர். அந்தக் குன்று திருச்செங்கோடு என்பாரும் உண்டு. எங்கள் பக்கத்தில் அது கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும் திறக்கும் மங்கலதேவி கோட்டம். தர்க்கத்தை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். வணிகன் பார்த்த நகரத்துக்கு ஒரு காதை கிடைத்தது. அவன் மனைவி பதினான்கு நாள் தனியே நடந்த வழிக்குச் சில வரிகள்தான். காவியம் இந்த ஏற்றத்தாழ்வைத் தெரிந்தே வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நம் பயணக் கட்டுரைகளோ தெரியாமலே தொடர்கின்றன. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களின் கண்ணுக்கு அந்த மலை எப்படி இருக்கிறதென்று எழுதியவர் யார்? அதே மலையின் ‘இயற்கை எழிலை’ எழுத மட்டும் ஆள் இருக்கிறது.

வெகுநாள் கழித்து அவளிடம், அன்று மஹாலில் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். படியில் அவளைப் போலவே பையும் செருப்புமாக ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்களாம். ஒருத்தி ராமேஸ்வரம் போய்த் திரும்புகிறவள், அஸ்தி கரைத்துவிட்டு. ஒருத்தியின் பிள்ளைக்கு மறுநாள் கண் ஆபரேஷன். அவன் பார்க்கட்டும் என்று உள்ளே அனுப்பியிருந்தாள். யார் எந்த ஊர், எதற்கு வந்தார்கள் என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்திருந்தது. அரைமணி நேரத்தில் அவளுக்குக் கிடைத்த மதுரை அது. என் கட்டுரையில் அதில் ஒரு வரி இல்லை. தூண்களின் எண்ணிக்கை இருக்கிறது.

அந்தக் கட்டுரையைத் தொகுப்பில் சேர்க்கப் போவதில்லை. இனி ஒரு பயணக் கட்டுரையில் ‘நாங்கள் பார்த்தோம்’ என்று வந்தால், அந்த நேரத்தில் பை யாரிடம் இருந்தது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிப்பேன்.