தொடரும் இளையரும்

1972-இல் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ், ஆங்கிலச் சித்திரக்கதை வீரனொருவனை இரும்புக்கை மாயாவியாகத் தமிழுக்கு அளித்தது. அன்று அதனைப் போற்றிய சிறுவரே நரைத்த பின்னும் போற்றுகின்றனர், இளையர் அருகினர். கைப்பேசி விளையாட்டே காரணம் என்பர் சிலர். அது பொருந்தாது, 1987-இல் தோன்றிய பைனல் பேண்டசி என்னும் விளையாட்டுத் தொடர்க்கும் இக்குறை உண்டு. முன்கதை அறியாமையும் தடையன்று. ஈரிடத்தும் பகுதிகள் பெரும்பாலும் தண்டியலங்காரம் கூறும் முத்தகம்போல் தனித்து முடிவனவே.

தடை வாயிலில் உளது. அவ்விளையாட்டின் பதினைந்தாம் பகுதி 2016-இலும் பதினாறாம் பகுதி 2023-இலும் வெளிவந்தன. இடையே பத்து வயதினன் பதினேழு வயதினனாகின்றான். சித்திரக்கதையோ, சிறுவன் தானே கண்டெடுத்த கடையை விட்டுச் சந்தா செலுத்தும் பெரியோரை நாடுகின்றது. பழைய அன்பரைப் பேணுதல் நன்றே. புதியோர்க்கு வாயில் திறவாத் தொடர், அவ்வன்பரொடு முடியும்.