ஒரு நாள் அவகாசம்

2020 செப்டம்பர் 15ஆம் தேதி ஆப்பிள் நிறுவனம் புதிய கைக்கடிகாரங்களையும் ஐபேடுகளையும் அறிமுகப்படுத்தியது. ஐபோனின் புதிய இயங்குதளமான ஐஓஎஸ் 14 மறுநாளே எல்லோருக்கும் கிடைக்கும் என்றும் அதே நிகழ்ச்சியில் அறிவித்தது. பயனர்களுக்கு அது நல்ல செய்தி. தனியாளாகவோ இரண்டு மூன்று பேர் சேர்ந்தோ செயலி எழுதிப் பிழைக்கும் நிரலாளர்களுக்கோ தலையில் இடி விழுந்ததுபோல் ஆயிற்று. கோடை முழுக்க உழைத்து உருவாக்கியதை ஆப்பிளின் செயலிக் கடையான ஆப் ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். அன்று ட்விட்டரில் அவர்கள் கொட்டித் தீர்த்த கோபத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. இயங்குதளத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வழக்கம் சிறிய நிரலாளர்களுக்கும் நல்லதே என்பது என் கருத்து. அந்த வழக்கத்தின் நாள் கணக்கை ஒரு நிறுவனம் மட்டுமே தன் வசதிப்படி தீர்மானிப்பதுதான் அதன் பெருங்குறை.

நடைமுறை இதுதான். ஜூன் மாதத்தில் நடக்கும் நிரலாளர் மாநாட்டில் புதிய இயங்குதளம் அறிவிக்கப்படும். அன்றிலிருந்து சோதனைப் பதிப்புகள் வரும். செப்டம்பரில் இறுதிப் பதிப்பு நிரலாளர்களின் கைக்கு வரும். சில நாள் கழித்துப் பொதுமக்களுக்குப் போகும். 2013இல் ஐபோனின் தோற்றத்தையே மாற்றிய ஐஓஎஸ் 7க்கு இந்த இடைவெளி எட்டு நாள். 2017இல் ஏழு நாள், 2018இல் ஐந்து நாள், 2019இல் ஒன்பது நாள். எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. ஆனால் பல ஆண்டுப் பழக்கத்தால் அது ஒரு வாக்குறுதிபோல் ஆகிவிட்டது. நிரலாளர்கள் அதை நம்பித்தான் வேலையைத் திட்டமிட்டார்கள்.

அந்தச் சில நாளில் நடக்கும் வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். புதிய வசதிகளைப் பயன்படுத்தும் செயலியைச் சோதனைப் பதிப்புக் கருவியால் கட்டி ஆப் ஸ்டோருக்கு அனுப்ப முடியாது. செயலி கட்டும் ஆப்பிளின் கருவியான எக்ஸ்கோடு 12இன் இறுதிப் பதிப்பு வேண்டும். அது கைக்கு வந்ததே செப்டம்பர் 15ஆம் தேதிதான். கோப்பின் அளவு 10 ஜிபிக்கும் மேல். அதைத் தரவிறக்கி, விரித்து, செயலியை மறுபடி கட்டி, பழைய ஐபோன் ஒன்றிலும் புதிய ஐபோன் ஒன்றிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐஓஎஸ் 14 கொண்டுவந்த புதிய அனுமதிக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் செயலி சரியாக நடந்துகொள்கிறதா என்று சோதிக்க வேண்டும். தன் புகைப்படங்கள் அத்தனையையும் காட்டாமல் நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துக் காட்ட இனிப் பயனருக்கு வழி உண்டு. அந்த நான்கோடு செயலி தடுமாறாமல் இயங்க வேண்டும். வீட்டு வைஃபையில் இருக்கும் மற்ற கருவிகளைத் தேடும் செயலி என்றால், ஏன் தேடுகிறது என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். பிறகு திரைப்பிடிப்புகள், விளக்கக் குறிப்பு, பதிப்பு எண் என எல்லாம் சேர்த்து ஏற்றிவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பில்தான் கணக்கு உதைக்கிறது. சமர்ப்பிக்கப்படும் செயலிகளில் பாதி 24 மணி நேரத்துக்குள்ளும், 90 சதவீதத்துக்கு மேல் 48 மணி நேரத்துக்குள்ளும் பரிசீலிக்கப்படுகின்றன என்பது ஆப்பிளே சொல்லிவந்த சராசரி. அந்தச் சராசரியின்படி பார்த்தால், கருவி கிடைத்த அதே நிமிடத்தில் ஒருவர் அனுப்பியிருந்தால்கூட மறுநாள் வெளியீட்டுக்கு அவர் செயலி போய்ச் சேர்வது பாதிக்குப் பாதி வாய்ப்புதான். எவ்வளவு உழைத்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. சோம்பேறியும் கடும் உழைப்பாளியும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களின் கோபத்தின் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

இனி வழக்கத்தின் நன்மைகளையும் நேர்மையாக எடைபோட வேண்டும். முதலாவது, வேகம். கடந்த நான்கு ஆண்டுகளில் அறிமுகமான ஐபோன்களில் 81 சதவீதம் அந்த டிசம்பர் நடுவிலேயே ஐஓஎஸ் 14க்கு வந்துவிட்டதாக ஆப்பிளின் கணக்கு சொன்னது. இதன் பயன் சிறிய நிரலாளருக்கே அதிகம். ஐந்தாறு பழைய பதிப்புகளைக் கட்டிக்கொண்டு மாரடிக்க அவரிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. பயனர்கள் புதிய பதிப்புக்கு விரைவாக மாறினால்தான் அவரால் புதிய வசதிகளை நம்பிக் கட்ட முடியும்.

இரண்டாவது, திறக்கும் கதவுகள். 2014இல் ஐஓஎஸ் 8 வந்த பிறகுதான் வெளியார் செய்த விசைப்பலகைகள் ஐபோனின் மற்றச் செயலிகளுக்குள்ளும் நுழைய முடிந்தது. தமிழ்த் தட்டச்சுக்காக உழைத்தவர்களுக்கும் அந்த ஓர் அனுமதி பெரிய வாசலாக அமைந்தது. ஐஓஎஸ் 14 அதேபோல் முகப்புத் திரையை விட்ஜெட்டுகள் எனும் சிறு தகவல் பெட்டிகளுக்குத் திறந்துவிட்டது. டேவிட் ஸ்மித் என்ற தனி நிரலாளர், ஆப்பிள் வாட்சுக்கு முன்பே தான் செய்திருந்த வாட்ச்ஸ்மித் செயலியின் எண்ணத்தை முகப்புத் திரைக்குக் கொண்டுவந்து விட்ஜெட்ஸ்மித்தை வெளியிட்டார். இளைஞர்கள் டிக்டாக்கில் தங்கள் முகப்புத் திரை அலங்காரங்களைக் காட்டத் தொடங்க, சில நாளிலேயே அந்தச் செயலி அமெரிக்க ஆப் ஸ்டோரின் இலவசப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்டும் நிறுவனங்களைத் தாண்டித் தனி ஒருவர் மேலே வர ஆண்டுப் புதுப்பிப்பு இடம் கொடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ஆனால் இந்த வெற்றியைக் காட்டி ஒரு நாள் அவகாசத்தை நியாயப்படுத்துவது தவறான வாதம். வெளியீட்டை ஒட்டிய முதல் சில நாள்களில் செயலி கடையில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதைத்தான் இந்த வெற்றி காட்டுகிறது. பயனர்கள் புதிய வசதியை ஆசை ஆசையாகத் தேடும் காலம் மிகக் குறுகியது. பெரிய நிறுவனத்தின் செயலியை அவர்கள் ஒரு மாதம் கழித்தும் பயன்படுத்துவார்கள். பெயர் தெரியாத சிறிய செயலியைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு வாரம்தான். அதைத் தவறவிட்டவருக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த செப்டம்பரில். அதுவரை வீட்டு வாடகையும் கடன் தவணையும் காத்திருக்காது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இயங்குதளம் கொடுக்கிற அதே கையால் எடுக்கவும் செய்கிறது. அதே டேவிட் ஸ்மித்தின் ஸ்லீப்++ செயலி செய்துவந்த உறக்கக் கண்காணிப்பை அந்த ஆண்டின் கைக்கடிகார இயங்குதளமான வாட்ச்ஓஎஸ் 7 தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. அவரிடம் வேறு செயலிகள் இருந்தன. ஒரே செயலியை நம்பி வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆப்பிளின் பக்கமும் பேசுவதற்கு இருக்கிறது. ஜூன் 22இல் அறிவித்தார்கள்; செப்டம்பர் 9க்குள் எட்டு சோதனைப் பதிப்புகள் தந்தார்கள். ஏறத்தாழ 12 வார அவகாசம் அது. பழைய கருவியால் கட்டிய செயலிகளும் பொதுவாகப் புதிய இயங்குதளத்தில் ஓடவே செய்தன. கடை அடைக்கும் நிலை யாருக்கும் வரவில்லை. செப்டம்பர் 18ஆம் தேதி விற்பனைக்கு வந்த புதிய கைக்கடிகாரங்கள் வாட்ச்ஓஎஸ் 7இல் ஓடின. அதற்கு ஐபோனில் ஐஓஎஸ் 14 தேவை. அவசரத்துக்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இறுதிப் பதிப்பை முன்கூட்டியே தந்தால் புதிய சாதனங்களின் ரகசியம் கசியும் என்ற அச்சத்திலும் உண்மை உண்டு. 2017இல் ஐஓஎஸ் 11இன் இறுதிப் பதிப்பு கசிந்து, ஐபோன் எக்ஸின் பெயர் அறிமுகத்துக்கு முன்பே வெளியே வந்தது.

இவை சரியான வாதங்கள்தாம். ஆயினும் போதுமானவை அல்ல. 12 வாரம் செயலியை எழுதுவதற்கான காலம். இறுதிப் பதிப்பில் சோதித்து அனுப்புவதற்கான காலம் வேறு. ஒன்றைக் கொடுத்ததற்காக மற்றொன்றைப் பறிக்க முடியாது. ரகசியத்தைக் காக்க வேண்டுமானால், அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் சோதனைப் பதிப்புக் கருவியால் கட்டிய செயலிகளை ஒரு வாரம் முன்பே ஏற்றுக்கொண்டிருக்கலாம். அறிவிப்பு நாளை மறைத்துவைத்தாலும் ஒப்புதல் வரிசையாவது நகர்ந்திருக்கும்.

அதே செப்டம்பரில் ஆப்பிள் எடுத்த இன்னொரு முடிவை இதோடு சேர்த்துப் பார்த்தால் சித்திரம் தெளிவாகும். பயனரைப் பின்தொடர அவரிடமே அனுமதி கேட்க வேண்டும் என்ற ஐஓஎஸ் 14இன் விதியை, நிரலாளர்களுக்கு அவகாசம் தேவை என்று சொல்லி செப்டம்பர் 3ஆம் தேதி ஒத்திவைத்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2021 ஏப்ரல் 26இல், ஐஓஎஸ் 14.5உடன். அந்த ஒத்திவைப்பு எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் அந்த விதியை எதிர்த்து உரத்துப் பேசியது ஃபேஸ்புக் போன்ற விளம்பர வருவாய் நிறுவனங்கள். ஏழு மாதத்துக்கு மேல் பொறுத்துக்கொள்ள முடிந்த ஒரு நிறுவனத்தால், சிறியவர்களுக்காக ஏழு நாள் பொறுக்க முடியாமல் போனது. பெரியவர்களின் சிரமம் கண்ணில் படுகிறது, சிறியவர்களின் சிரமம் படுவதில்லை என்ற முடிவுக்குத்தான் இது கொண்டுசெல்கிறது.

அவசரத்தின் விலையைப் பயனரும் கொடுத்தார். வேறு உலாவியையோ மின்னஞ்சல் செயலியையோ இயல்புநிலையாக வைத்துக்கொள்ளும் உரிமையை ஐஓஎஸ் 14 முதன்முறையாகத் தந்தது. ஆனால் கைப்பேசியை அணைத்துப் போட்டால் அந்தத் தேர்வு அழிந்து, சஃபாரியும் ஆப்பிளின் மெயிலும் திரும்பி வந்துவிடும். செப்டம்பர் 24இல் வந்த 14.0.1தான் அதைச் சரிசெய்தது. ஒரு வார இடைவெளி இருந்தால் இந்தப் பிழை கட்டாயம் பிடிபட்டிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான நிரலாளர்கள் இறுதிப் பதிப்பை ஒரு வாரம் குடைந்து பார்ப்பது ஆப்பிளுக்குக் கூலியில்லாமல் கிடைக்கும் தரச்சோதனை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அதன் பிறகு நடந்தது நம்பிக்கை தருகிறது. 2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் இறுதிப் பதிப்புக்கும் பொது வெளியீட்டுக்கும் இடையே ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளி விடப்பட்டது. ஆக, அவகாசம் தருவது முடியாத காரியம் இல்லை. ஆனால் இன்றும் அது பழக்கமாகத்தான் இருக்கிறது, உரிமையாக இல்லை. நினைத்தால் எந்தச் செப்டம்பரிலும் மீண்டும் ஒரே நாளாகச் சுருக்கிவிட முடியும். செயலி விற்பனைகளில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை கழிவு எடுக்கும் நிறுவனம், இறுதிப் பதிப்புக்குப் பின் குறைந்தது ஏழு நாள் என்ற ஒரு வரியை நிரலாளர் ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒரு கோடைகால உழைப்பைப் பணயம் வைக்கும் தனி நிரலாளர் அதைக் கேட்பதில் தவறே இல்லை.